கையிலே ஒரு ஜி.பி.எஸ். – வாங்கும் முன் அறிய வேண்டியவை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவன் ஒருவன் தன் தந்தையை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தந்தை காசிமேட்டு மீனவர். சொந்தமாகப் பைபர் படகு வைத்திருப்பவர். அவர் கையில் ஒரு சிறிய ஜி.பி.எஸ். கருவியும், எண்ணெய்க் கறை படிந்த நோட்டுப் புத்தகம் ஒன்றும் இருந்தன.

"இந்த மிஷின் பொய் சொல்லுது சார். வலை போச்சு. வேற ஒண்ணு வாங்கணும். எது நல்லதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றார்.

நடந்தது இதுதான். எண்ணூருக்குக் கிழக்கே கடலடியில் வலையைக் கிழிக்கும் தடை ஒன்று இருப்பதாகப் பக்கத்துப் படகுக்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார். தம் கருவியில் பதிந்து வைத்திருந்த இடத்தையும் படித்துக் காட்டியிருக்கிறார். நம்மவர் அதை '13-12-40, 80-25-30' என்று நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு தம் கருவியில் அந்த எண்களை ஏற்றி, அந்தப் புள்ளியிலிருந்து தள்ளியே வலை விட்டார். ஆனாலும் வலை சிக்கிக் கிழிந்துவிட்டது.

இரண்டு கருவிகளும் எண்களை எப்படிக் காட்டுகின்றன என்று கேட்டறிந்தபோது உண்மை விளங்கியது. கருவி பொய் சொல்லவில்லை. ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கைக் கலை என்றும், ஒரு கலையில் அறுபதில் ஒரு பங்கை விகலை என்றும் சொல்கிறோம். பேச்சு வழக்கில் இவையே நிமிடம், செகண்டு. பக்கத்துப் படகின் கருவி காட்டியது 13 டிகிரி 12.40 கலை. அதாவது 12 கலை 24 விகலை. இவருடைய கருவியோ அதே எண்களை 12 கலை 40 விகலை என்று எடுத்துக்கொண்டது. இந்த 16 விகலை வேறுபாடு வடக்கு-தெற்காக ஏறக்குறைய 490 மீட்டர். கிழக்கு-மேற்காகவும் இதே குழப்பத்தால் 360 மீட்டர் வேறுபாடு. இரண்டும் சேர்ந்து தடையை 600 மீட்டர் தூரம் 'நகர்த்தி' விட்டன! தள்ளி விட்டதாக நினைத்த வலை, தடையின் மேலேயே விழுந்துவிட்டது.

கருவி நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று நாம் அறிந்திருக்க வேண்டும். கடலுக்குச் செல்பவரானாலும், மலையேறச் செல்பவரானாலும், வெளிநாட்டுப் பயணம் போகிறவரானாலும் இந்த விதி ஒன்றே. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

காதால் தூரம் அளக்கலாம்

நீங்கள் திருவொற்றியூரில் ஓரிடத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். சென்னைத் துறைமுகத்தில் ஒரு சங்கு, எண்ணூரில் ஒரு சங்கு. இரண்டும் சரியாகப் பகல் 12 மணிக்கு ஊதுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் துல்லியமான கடிகாரம் இருக்கிறது. துறைமுகச் சங்கு 12 மணி கடந்து 15 விநாடியில் உங்கள் காதில் விழுகிறது. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். ஆகவே நீங்கள் துறைமுகத்திலிருந்து 5,100 மீட்டர் தொலைவில் இருக்கிறீர்கள். எண்ணூர்ச் சங்கு 25 விநாடி கழித்துக் கேட்டால், அங்கிருந்து 8,500 மீட்டர்.

வரைபடத்தில் இந்த இரண்டு தூரங்களுக்கும் இரண்டு வட்டங்கள் வரையுங்கள். அவை இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும். ஒன்று கரையில், மற்றொன்று கடலில். உங்கள் கால் நனையவில்லை என்றால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்!

ஜி.பி.எஸ். செய்வதும் இதுவேதான். சங்குக்குப் பதில் செயற்கைக்கோள். ஒலிக்குப் பதில் ரேடியோ அலை. அமெரிக்கா 1973ஆம் ஆண்டில் தொடங்கிய இத்திட்டத்தின் முதல் செயற்கைக்கோள் 1978 பிப்ரவரியில் ஏவப்பட்டது. 1995ஆம் ஆண்டில் அமைப்பு முழுமை பெற்றது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், சுமார் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றிவரும் இச்செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும், "நான் இன்ன செயற்கைக்கோள், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது இன்ன நேரம்" என்று இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. உங்கள் கையிலுள்ள கருவி அதைக் கேட்கிறது. அலை புறப்பட்ட நேரத்தையும் வந்துசேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிடுகிறது.

ஆனால் ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் வருகிறது. விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். கடிகாரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிழை வந்துவிடும். செயற்கைக்கோளில் அணுக் கடிகாரங்கள் உண்டு. நம் கைக்கருவியில் உள்ளதோ கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற சாதாரணக் குவார்ட்ஸ் படிகம். பிறகு எப்படிக் கணக்கு சரியாகிறது?

இங்கேதான் கணிதம் கைகொடுக்கிறது. நமக்குத் தெரியாதவை நான்கு: அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நம் கடிகாரத்தின் பிழை. நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்பு கிடைத்தால் நான்கு சமன்பாடுகள் கிடைக்கும். நான்கு விடைகளும் கிடைத்துவிடும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களாவது கருவிக்குத் தெரிய வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கைக்கும் இங்கே வேலை உண்டு. வேகமாக ஓடும் கடிகாரம் மெதுவாகும். ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் விரைவாகும். இரண்டும் சேர்ந்து, வானிலுள்ள கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி விரைவாக ஓடுகிறது. இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் சுமார் 11 கிலோமீட்டர் அளவுக்குத் தூரப் பிழை சேர்ந்துவிடும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் போகும் தூரம் அது!

நேரத்தைக் கொண்டு இடத்தை அறிவது நம் ஊருக்குப் புதிதல்ல. 1792ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் அமைந்த சென்னை வானாய்வகத்தில், வியாழனின் துணைக்கோள்கள் மறைகின்ற நேரத்தைக் கவனித்துச் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார்கள். பூமி ஒரு மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. ஆகவே நேரத்தில் ஒரு விநாடி தவறினால், சென்னையின் அட்சரேகையில் இடம் 450 மீட்டர் தவறிவிடும். அன்று தொலைநோக்கியும் ஊசல் கடிகாரமும் செய்த வேலையை இன்று உள்ளங்கை அளவுக் கருவி செய்கிறது.

எத்தனை அமைப்புகளைக் கேட்கும்?

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க அமைப்பின் பெயர். இன்று ரஷியாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் உலகெங்கும் இயங்குகின்றன. கருவி எத்தனை அமைப்புகளைக் கேட்குமோ, அத்தனைக்கு வானில் அதற்குத் தெரியும் செயற்கைக்கோள்கள் அதிகம். திறந்த கடலில் ஓர் அமைப்பே போதுமானது. மலைப் பள்ளத்தாக்கிலும், அடர்ந்த காட்டிலும், உயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்த வெளிநாட்டு நகரத் தெருவிலும் வானத்தின் ஒரு துண்டுதான் தெரியும். அங்கே பல அமைப்புகளைக் கேட்கும் கருவியே கைகொடுக்கும்.

நம் நாட்டின் அமைப்புக்கு நாவிக் என்று பெயர். இஸ்ரோ இதன் முதல் செயற்கைக்கோளை 2013 ஜூலையிலும், ஏழாவதை 2016 ஏப்ரலிலும் ஏவியது. இந்தியாவிலும் எல்லையைச் சுற்றி 1,500 கிலோமீட்டர் வரையிலும் சேவை தருவது இதன் நோக்கம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வாங்கிய அணுக் கடிகாரங்கள் சில செயற்கைக்கோள்களில் பழுதடைந்தன. 2023 மே மாதம் ஏவிய புதிய வகைச் செயற்கைக்கோளில் நம் நாட்டிலேயே செய்த ருபீடியம் கடிகாரம் வைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் ஏவிய அடுத்தது, போய்ச் சேர வேண்டிய சுற்றுப்பாதையை அடையவில்லை. ஆகவே நாவிக்கைக் கேட்கும் வசதி இருப்பது நல்லது. அதை மட்டுமே நம்பியிருக்கும் கருவி வேண்டாம்.

இத்துடன் ககன் என்ற பெயரையும் நினைவில் வையுங்கள். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து விமானங்களுக்காக அமைத்தது இது. நிலத்திலுள்ள நிலையங்கள் ஜி.பி.எஸ். பிழையை அளந்து, திருத்தத்தைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்புகின்றன. பல கைக்கருவிகள் இத்திருத்தத்தையும் பெற்றுக்கொள்ளும்.

கைப்பேசி போதாதா?

மாணவன் கேட்ட கேள்வி இதுதான்: "சார், போன்லயே மேப் இருக்கே. எதுக்குத் தனியா ஒரு மிஷின்?"

நியாயமான கேள்வி. கைப்பேசிக்குள் இருப்பதும் ஜி.பி.எஸ். ஏற்பிதான். அதற்கு டவரும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம். செயற்கைக்கோள் தெரிந்தால் போதும். டவர் இல்லாத இடத்தில் போன் தடுமாறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வரைபடம் இணையத்திலிருந்து வருகிறது. புறப்படுமுன் வரைபடத்தைப் போனிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் இக்குறை தீரும். மற்றொன்று, செயற்கைக்கோள்கள் எங்கெங்கே உள்ளன என்னும் அட்டவணையைப் போன் இணையம் வழியாக நொடியில் பெற்றுக்கொள்கிறது. இணையம் இல்லையென்றால் அதைச் செயற்கைக்கோளிடமிருந்தே மெதுவாகக் கேட்க வேண்டும். முழு அட்டவணையும் வந்து சேர பன்னிரண்டரை நிமிடம் ஆகும். எனவே முதன்முறை இடம் காட்டச் சில நிமிடங்கள் பிடித்தால் பொறுமையோடு திறந்த வெளியில் காத்திருங்கள்; கருவி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

ஊர் சுற்றிப் பார்க்க வெளிநாடு செல்பவருக்கு நல்ல கைப்பேசியே போதும் என்பது என் கருத்து. தனிக் கருவி தேவைப்படுவது வேறு காரணங்களுக்காக. ஈரக் கையால் தொட்டால் போனின் தொடுதிரை சரியாகக் கேட்பதில்லை. உப்புத் தண்ணீர்த் துளி விழுந்தாலே தானாக எதையோ திறந்துவிடும். உச்சி வெயிலில் திரை மங்கிப் போகும். சூடேறினால் அணைந்தும் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, இடம் காட்டும் வேலையில் மின்சாரம் தீர்ந்துவிட்டால் உதவிக்கு அழைக்கும் போனும் அதோடு சேர்ந்து போய்விடும். வழி காட்டுவதும் ஆபத்தில் கூப்பிடுவதும் ஒரே மின்கலத்தை நம்பி இருக்கக் கூடாது.

தனிக் கருவியில் பார்க்க வேண்டியவை

எந்தக் கம்பெனி என்று கேட்பதைவிட, என்னென்ன குணம் என்று கேட்பதே மேல். அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, பொத்தான்கள். கடலிலும் மழையிலும் குளிரிலும் விரலால் அழுத்தும் பொத்தான்தான் நம்பகமானது. வெயிலில் தெளிவாகத் தெரியும் திரையா என்பதைக் கடைக்கு வெளியே கொண்டுவந்து பாருங்கள். கடை விளக்கில் எல்லாத் திரையும் அழகாகவே தெரியும்.

இரண்டாவது, மின்கலம். எங்கும் கிடைக்கும் பென்சில் செல்லில் ஓடும் கருவிக்கு ஒரு வசதி உண்டு. மாற்றுச் செல்களைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். உள்ளேயே பொருத்திய மின்கலம் கொண்ட கருவியானால், அதற்குத் தனிச் சேமிப்பு மின்கலம் வேண்டும்.

மூன்றாவது, நீர்க்காப்பு. ஐ.பி.எக்ஸ்.7 என்ற குறி, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் நீர் புகாது என்பதைக் காட்டும். ஆனால் அச்சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. கடல் நீர் பட்ட கருவியைத் திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலம்பித் துடைக்க வேண்டும். இல்லையேல் உப்பு செல் முனைகளை அரித்துவிடும். தண்ணீரில் மிதக்குமா என்றும் கேளுங்கள். மூழ்கிப்போன கருவிக்கு நீர்க்காப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன!

நான்காவது, எண்களைக் காட்டும் முறை. நம் மீனவர் வலையை இழந்தது இதனால்தானே? பொதுவாக மூன்று முறைகள் உள்ளன. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இருக்கும் அட்சரேகையைச் சுமார் 13.125 டிகிரி என்றும் எழுதலாம். 13 டிகிரி 7.5 கலை என்றும் எழுதலாம். 13 டிகிரி 7 கலை 30 விகலை என்றும் எழுதலாம். மூன்றும் ஒன்றே. ஆனால் 7.5 கலையை அவசரத்தில் 13.075 டிகிரி என்று ஏற்றினால், மூன்று கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர் தெற்கே போய்விடுவீர்கள். நல்ல கருவியில் மூன்று முறைகளையும் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கும். ஒன்றாகத் தொழில் செய்யும் படகுகள் அனைத்தும் ஒரே முறையை வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணைச் சொல்லும்போது புள்ளியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுதும்போது கலையா விகலையா என்றும் எழுத வேண்டும்.

ஐந்தாவது, டேட்டம். பூமி சரியான உருண்டையல்ல. அதன் வடிவத்துக்கு எந்த நீள்கோளத்தை அடிப்படையாகக் கொள்கிறோமோ, அதைப் பொறுத்து ஓரிடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சற்று மாறும். 1802ஆம் ஆண்டில் பரங்கிமலை அருகே லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவையின் வழிவந்த பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். அமைப்போ டபிள்யு.ஜி.எஸ்.84 என்ற அடிப்படையைக் கொண்டது. இரண்டுக்கும் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் வேறுபாடு வரும். 2005ஆம் ஆண்டின் வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்காக வெளியிடப்பட்ட இந்திய வரைபடங்கள் டபிள்யு.ஜி.எஸ்.84 அடிப்படையிலேயே உள்ளன. பழைய வரைபடத்தோடு மலையேறுபவர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் குறிப்பைப் படித்து, கருவியையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆறாவது, திசை. ஜி.பி.எஸ். கருவி திசையை அறிவது தன் இடம் மாறுவதைக் கொண்டுதான். நீங்கள் அசையாமல் நின்றால், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. சில கருவிகளில் தனியாக மின்னணுக் காந்தத் திசைகாட்டி உண்டு. ஆனால் என்ஜின் போன்ற இரும்புப் பொருள் அருகே அது திரிந்து காட்டும். மூடுபனியில் என்ஜின் நின்றுபோன படகில் பழைய காந்த ஊசிக்கு இன்னும் மதிப்பு உண்டு. அதை விற்றுவிட வேண்டாம்.

அம்புக்குறிக்குக் கல் தெரியாது

கருவியில் வீட்டைக் குறித்து வைத்தால், அது வீடு நோக்கி ஓர் அம்புக்குறி காட்டும். அது வெறும் நேர்கோடு. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டு நிற்கின்றன. துறைமுகங்களின் அலைதடுப்புச் சுவர்கள் இருக்கின்றன. நங்கூரம் இட்ட கப்பல்கள் இருக்கின்றன. சாதாரணக் கைக்கருவியின் அம்புக்குறிக்கு இவை எதுவும் தெரியாது. இருட்டில் அம்பை மட்டும் நம்பித் திரும்பினால் கல்லில் மோத நேரும். ஆகவே துறைமுக வாயிலுக்கு வெளியே பாதுகாப்பான ஓரிடத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கே போய்ப் பிறகு உள்ளே வர வேண்டும். அல்லது போன வழியையே கருவி பதிந்துவைக்கச் செய்து, அதே தடத்தில் திரும்ப வேண்டும்.

2017 ஜனவரி 28ஆம் நாள் அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு பெரிய கப்பல்கள் மோதிக்கொண்டதையும், எண்ணெய் கொட்டிக் கரை முழுவதும் கறுத்ததையும் நம் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இடம் காட்டும் கருவி இல்லாத கப்பல்களா அவை? 'நான் எங்கே இருக்கிறேன்' என்பதை அறிவது வேறு. 'என் அருகே யார் வருகிறார்' என்பதை அறிவது வேறு. முதலாவதற்கு விடை தருவதே ஜி.பி.எஸ். இரண்டாவதற்குக் கண்ணும் காதும் விளக்கும் ரேடியோவும் வேண்டும்.

கேட்கும், பேசாது

இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருவோம். ஜி.பி.எஸ். கருவி ஒரு ரேடியோப் பெட்டி போன்றது. அது கேட்கும், பேசாது. நீங்கள் இருக்கும் இடத்தை உங்களுக்குச் சொல்லுமே தவிர, வேறு யாருக்கும் சொல்லாது. "ஜி.பி.எஸ். இருக்கிறது, ஆபத்து வந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இது உயிருக்கே ஆபத்தான எண்ணம்.

2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் கன்னியாகுமரிக் கடற்பகுதியைத் தாக்கிய ஒக்கிப் புயலில் நம் மீனவர்கள் பலர் உயிரிழந்தனர். ஆழ்கடல் படகுகள் பலவற்றில் ஜி.பி.எஸ். இருந்தது. ஆனால் கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டருக்கு அப்பால் கைப்பேசி அலை எட்டாது. புயல் எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவும் இல்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது கரைக்குத் தெரியவும் இல்லை.

இதன் பிறகு, ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 2019ஆம் ஆண்டில் ஜெமினி என்னும் கருவியை அறிமுகப்படுத்தின. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையையும், மீன் கிடைக்கக்கூடிய இடங்களையும் அது பெற்று, புளூடூத் மூலம் கைப்பேசிக்குத் தருகிறது. இதுவும் கேட்கும் கருவிதான். ஆனால் எச்சரிக்கையையும் சேர்த்துக் கேட்கிறது.

பேசும் கருவியும் உண்டு. ஆபத்து அறிவிப்புக் கருவியான டாட் 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. இஸ்ரோ உருவாக்கிய இக்கருவியின் பொத்தானை அழுத்தினால் படகின் அடையாளமும் இருப்பிடமும் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சென்று, கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்தை அடைகின்றன. பழைய கருவியில் ஒரு குறை இருந்தது. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று படகிலிருப்பவருக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் வெளிவந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, செய்தி கிடைத்தது என்ற பதிலையும் கொண்டுவந்து தருகிறது. அலைகளுக்கு நடுவே தத்தளிப்பவருக்கு அந்தப் பதில் எவ்வளவு தெம்பு தரும் என்று எண்ணிப் பாருங்கள்! இதே நோக்கில், ஒரு லட்சம் படகுகளில் இருவழித் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டமும் 2024இல் தொடங்கப்பட்டது.

எனவே கருவி வாங்க நினைப்பவர் தம்மைத் தாமே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது: நான் இருக்கும் இடம் எனக்குத் தெரிந்தால் போதுமா, பிறருக்கும் தெரிய வேண்டுமா? கடலுக்குச் செல்பவருக்கு இரண்டாவதுதான் விடை. டவர் எட்டும் தூரத்தில் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணும், அதற்கு அப்பால் வி.எச்.எப். ரேடியோவின் 16ஆம் அலைவரிசையும், டாட் கருவியும் துணை.

வெளிநாடு செல்வோர் கவனத்துக்கு

கப்பல் வேலைக்கும், மேற்படிப்புக்கும், சுற்றுலாவுக்கும் நம் பகுதியிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் பலர். அவர்களுக்குச் சில குறிப்புகள்.

வெளிநாட்டுக் கடைகளில், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதியும் சேர்ந்த கைக்கருவிகள் கிடைக்கின்றன. பார்ப்பதற்குச் சாதாரண ஜி.பி.எஸ். போலவே இருக்கும். மலையேறுவோருக்கு அங்கே அது மிகவும் நல்லது. ஆனால் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் போனையோ இத்தகைய கருவியையோ வைத்திருப்பது சட்டப்படி குற்றம். இதை அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள். கேட்கும் கருவிக்கும் பேசும் கருவிக்கும் உள்ள வேறுபாடு சட்டத்திலும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கருவியோடு வரும் வரைபடம் எந்த நாட்டுக்கு உரியது என்று பாருங்கள். ஒரு கண்டத்துக்கு விற்கும் கருவியில் இன்னொரு கண்டத்தின் தெருக்கள் இருக்க வேண்டும் என்பதில்லை. சீனாவில் வெளியிடப்படும் வரைபடங்கள் அந்நாட்டுச் சட்டப்படி சற்று நகர்த்தப்பட்டவை. டபிள்யு.ஜி.எஸ்.84 எண்களை அவற்றின்மேல் வைத்தால் சில நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். விமானத்தில் செல்லும்போது மாற்று லிதியம் மின்கலங்களைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது.

கப்பலில் வேலை செய்வோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். செயற்கைக்கோளிலிருந்து நம்மை வந்தடையும் அலையின் திறன் மிக மிகச் சிறியது. ஒரு வாட்டை நூறு கோடியாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கை மீண்டும் ஒரு கோடியாகப் பங்கிட்டால் வரும் அளவு. இவ்வளவு மெல்லிய குரலை அமுக்கிவிடுவது எளிது. போர் நடக்கும் பகுதிகளை ஒட்டிய கடல்களில் அலையைத் தடுப்பதும், பொய்யான அலையைப் பரப்புவதும் அண்மை ஆண்டுகளில் நடந்துவருகின்றன. கருவி சொல்வதைக் கரையின் விளக்கோடும் ரேடாரோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் அதனால்தான் இன்றும் கைவிடப்படவில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

மாணவர்கள் இதைப் பள்ளியிலேயே செய்து பார்க்கலாம். கைப்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை காட்டும் செயலி ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். திறந்த மொட்டைமாடியில் ஒரே இடத்தில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்களைக் குறித்துவாருங்கள். பிறகு வரைபடத் தாளில் புள்ளியிடுங்கள். ஒரு விகலை ஏறக்குறைய 30 மீட்டர். போன் அசையாமல் இருந்தும் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் சிதறிக் கிடக்கும். அதுதான் உங்கள் கருவியின் உண்மையான துல்லியம்.

அடுத்து, இரண்டு உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலுள்ள சந்தில் இதையே செய்யுங்கள். எங்கள் மாணவர்கள் செய்தபோது, மாடியில் சில மீட்டருக்குள் அடங்கியிருந்த புள்ளிகள் சந்தில் பல மடங்கு பரவின. அலை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் தூரம் கூடுதலாகத் தெரிகிறது. துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளை அடுக்கிய இடத்திலும், மணலியின் எண்ணெய்த் தொட்டிகளின் அருகிலும் இதுவே நடக்கும். 2000 மே மாதத்துக்கு முன், அமெரிக்கா வேண்டுமென்றே அலையில் பிழை சேர்த்து வந்தது. அப்போது பொதுமக்களின் கருவியில் 100 மீட்டர் வரை தவறு வரும். இன்று அந்தப் பிழை இல்லை. மிஞ்சியிருப்பவற்றுள் பெரும்பங்கு வானமும் சுவரும் செய்வது. அதைவிடப் பெரிய பங்கு சில சமயம் நாமே செய்வது.

அன்று என் வீட்டுக்கு வந்த மீனவர் புதுக் கருவி வாங்கவில்லை. அவருடைய கருவியிலேயே எண் காட்டும் முறையை மாற்றும் வசதி இருந்தது. பக்கத்துப் படகுகள் பயன்படுத்தும் முறைக்கு அதை மாற்றிக் கொடுத்தேன். நோட்டுப் புத்தகத்தில் முன்பு எழுதியிருந்த இடங்களை மகன் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, புள்ளி வைத்துத் திருத்தி எழுதினான். "அப்ப மிஷினுக்கு வெச்ச பணத்த என்னா பண்றது?" என்று கேட்டார் தந்தை.

"அதோட கொஞ்சம் சேர்த்து, பேசுற கருவிக்கு ஏற்பாடு பண்ணுப்பா. நீ எங்க இருக்கன்னு உனக்குத் தெரிஞ்சா மட்டும் பத்தாது, எங்களுக்கும் தெரியணும்" என்றான் மகன். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.